வேலை காத்திருக்கும் இடம்

மென்பொருள் என்னும் சொல் நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று உப்பு, புளி போலப் புழங்கும் சொல்லாகிவிட்டது. முன்பு பிழைப்பை நாடி வடபுலம் வந்த தமிழர் ரயில்வே அலுவலகங்களிலும் கணக்குத் துறைகளிலும் சுருக்கெழுத்து அறைகளிலும் அமர்ந்தனர். அவர்தம் பேரர் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புணேயிலும் நொய்டாவிலும் கணிப்பொறித் திரைக்கு முன் அமர்ந்திருக்கின்றனர். முந்தைய தலைமுறையின் வேலை வீட்டாருக்கு விளங்கிற்று. கோப்பு என்றால் கோப்பு. பேரேடு என்றால் பேரேடு. இன்றைய பிள்ளைகளின் வேலையோ பெற்றோருக்குப் பெரும் புதிர். 'டெலிவரி தள்ளிப்போயிற்று' என்கிறாள் மகள். என்ன பொருள், யாருக்கு, எதனால் தள்ளிப்போயிற்று என்று தாய் கேட்டால், விளக்க நேரமின்றி அடுத்த கூட்டத்திற்குக் காதில் கருவியை மாட்டிக்கொள்கிறாள். அப்போது இரவு மணி ஒன்பதரை.

'எதனால்' என்னும் அக்கேள்வியையே இத்திங்கள் இப்பகுதியில் எடுத்துக்கொள்கிறோம். வெளியிலிருந்து பார்ப்போர் பொதுவாக மூன்று விடைகளைக் கூறுவர். பிள்ளைகளுக்குச் சுறுசுறுப்புப் போதாது என்பது ஒன்று. ஆட்கள் போதாது என்பது மற்றொன்று. இன்னும் சில மணி நேரம் கூட உழைத்தால் சரியாகிவிடும் என்பது மூன்றாவது. வீட்டில் பெற்றோர் முதல் விடையையும், அலுவலகத்தில் மேலாளர் பின்னிரண்டையும் நம்புகின்றனர். இம்மூன்றும் பெரும்பாலும் பொருந்தா என்பதே நம் கருத்து. மென்பொருள் வேலையில் ஒரு பணி கையில் இருக்கும் காலம் சிறிது. யாரோ ஒருவருக்காகக் காத்துக் கிடக்கும் காலமே பெரிது. அந்தக் காத்திருப்பை உண்டாக்குவது குழுக்களைப் பிரித்த முறையும், வேலையை உள்ளே விடும் முறையும் ஆகும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு போகவேண்டுவதில்லை, ஐதராபாத்திலேயே இருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் ஊழியருக்கென வைத்திருந்த சுமார் 80 மென்பொருள்களைப் பேணும் பொறுப்பு ஒரு சிறு குழுவிடம் இருந்தது. பிழை திருத்துவதும் சிறு மாற்றங்கள் செய்வதுமே அதன் பணி. குழுவினர் ஐதராபாத்தில் இருந்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். வேலை அனுப்புவோர் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ரெட்மண்டில் இருந்தனர். நிரல் எழுதுவோர் மூவர். எழுதியதைச் சோதிப்போர் மூவர். ஒப்பந்த நிறுவனம் தரச்சான்றில் மிக மேலான 5ஆம் படியைப் பெற்றிருந்தது. ஆகவே தொழிலறிவிலும் குறையில்லை, ஒழுங்கிலும் குறையில்லை. ஆயினும் 2004ஆம் ஆண்டில், அந்நிறுவனத்தின் தகவல்நுட்பப் பிரிவிலேயே மிக மோசமான குழு என்னும் பெயரை அது எடுத்திருந்தது. எண்பதுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் தேங்கிக் கிடந்தன. ஒரு கோரிக்கை உள்ளே புகுந்து, முடிந்து, கேட்டவர் கைக்குப் போய்ச்சேர ஏறத்தாழ 5 மாதங்கள் ஆயின.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அக்குழுவின் பொறுப்பை ஏற்றவர் டிராகோஸ் டுமிட்ரியு என்பவர். அவர் தம்முடன் பணிபுரிந்த டேவிட் ஆண்டர்சன் என்பாரை அணுகி, இருவருமாக அமர்ந்து, வேலை எவ்வழியாக வந்து எவ்வழியாகப் போகிறது என்பதைத் தாளில் வரைந்து பார்த்தனர். வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. ஒரு கோரிக்கைக்கு எழுதவும் சோதிக்கவும் தேவைப்பட்ட உழைப்பு சராசரியாக 11 நாள்களே. எஞ்சிய நான்கரை மாதமும் அது எங்கோ ஒரு பட்டியலில் வெறுமனே உட்கார்ந்திருந்தது.

ஏன் உட்கார்ந்திருந்தது? புதிய கோரிக்கை எது வந்தாலும் 48 மணி நேரத்திற்குள் அதற்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று மதிப்பிட்டுச் சொல்லவேண்டும் என்பது அங்கே விதி. மதிப்பிட, எழுதுவோர் ஒருவரும் சோதிப்போர் ஒருவரும் கைவேலையை விட்டுவிட்டு, பழைய நிரலைத் தோண்டிப் பார்த்து, ஏறத்தாழ ஒரு நாளைச் செலவிட்டனர். குழுவின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இம்மதிப்பீட்டுக்கே போயிற்று. அங்ஙனம் மதிப்பிட்ட கோரிக்கைகளிலோ ஏறத்தாழப் பாதி ஒருபோதும் செய்யப்படவில்லை. சில பெரியவை என்று தள்ளப்பட்டன. சில, விலைக்குத் தக்க பயன் இல்லை என்று விடப்பட்டன. சில, காத்திருந்து காத்திருந்து பயனற்றுப் போயின. கல்யாண வீட்டுச் சமையற்காரரை அடுப்படியிலிருந்து பத்து நிமிடத்துக்கொரு முறை அழைத்து, அடுத்த ஆவணி முகூர்த்தத்துக்கு எத்தனை படி அரிசி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் இன்றைய பந்தி என்னவாகும்? அதுவே ஐதராபாத்தில் நிகழ்ந்தது. பந்தி தாமதமானதற்குச் சமையற்காரர் பெயரே கெட்டது.

அவர்கள் செய்த மாற்றம் எளியது. மதிப்பீட்டை அறவே நிறுத்தினர். கோரிக்கைகளைப் பட்டியலில் நிறைத்துவைத்து எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கும் வழக்கத்தை விட்டனர். கையில் இருப்பது முடிந்து இடம் ஒழிந்தபின்னரே புதியது உள்ளே வரலாம் என்றனர். வேலை அனுப்பும் நான்கு மேலாளர்களிடம் கேட்ட கேள்வியும் மாறிற்று. 'இவை எல்லாவற்றுக்கும் முன்னுரிமை வரிசை கொடுங்கள்' என்பது பழைய கேள்வி. 'ஓர் இடம் ஒழிந்திருக்கிறது. இன்றிலிருந்து 25 நாளில் உங்கள் கைக்கு வரவேண்டியது எது' என்பது புதிய கேள்வி. திங்களுக்கு ஒரு முறை கூடிய கூட்டம் வாரத்துக்கொன்றாகி, நாளடைவில் ஒரு மின்னஞ்சலாகச் சுருங்கிற்று. பின்னர், சோதிப்போர்க்கு ஓய்வும் எழுதுவோர்க்கு நெருக்கடியும் இருப்பதைக் கண்டு, மூவர்-மூவர் என்றிருந்ததை நால்வர்-இருவர் என்று மாற்றினர்.

2005ஆம் ஆண்டு நவம்பரில் தேக்கம் முற்றும் தீர்ந்தது. கோரிக்கை ஒன்று முடிய ஆகும் காலம் சராசரி 14 நாளாயிற்று. 25 நாளில் தருவோம் என்ற வாக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை காக்கப்பட்டது. ஒரு காலாண்டில் முடிந்த வேலை மும்மடங்குக்கு மேலாயிற்று. இடையில் இருவர் கூடுதலாகச் சேர்க்கப்பட்டனர் என்பது உண்மையே; எனினும் ஆறு பேர் எட்டுப் பேரானதால் மும்மடங்கு விளைவு வந்துவிடாது. நிரல் எழுதும் முறையையோ சோதிக்கும் முறையையோ எவரும் தொடவில்லை. இரவு விழிக்கச் சொல்லவுமில்லை. இந்நிகழ்ச்சியை ஆண்டர்சன் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதினார். டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் முன்பே வழங்கிய 'கான்பன்' என்னும் அட்டை முறையின் பெயரையே இம்முறைக்கும் இட்டார். மென்பொருள் உலகம் முழுவதும் இன்று அப்பெயரை அறியும். அதன் தொடக்கம் ஐதராபாத்தில் அமர்ந்திருந்த ஆறு பேரின் வேலையில் என்பதை நம்மவருள் பலர் அறியார்.

இங்கே மேலாளர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: 'இடம் ஒழிந்த பிறகே வேலை கொடுப்பது என்றால், ஆள் சும்மா இருப்பானே!' சும்மா இருப்பதைக் கண்டால் நம் நாட்டு மேலாளர்க்கு மட்டுமன்று, எந்நாட்டு மேலாளர்க்கும் பொறுப்பதில்லை. ஆனால் கணிதம் அவர் பக்கம் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்னும் அறிஞர், கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் காத்திருப்பதை ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததே வரிசைக் கணிதம். ஒரே பணியாளர் இருக்கிறார். வேலைகள் சீரின்றி, ஒன்று சிறிதும் ஒன்று பெரிதுமாக வருகின்றன என்று கொள்வோம். அவர் நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை, ஒரு வேலையைச் செய்ய ஆகும் நேரத்தைப்போல் சராசரி 4 மடங்கு காத்திருக்கவேண்டும். 90 விழுக்காடு நிரம்பினால் 9 மடங்கு. 95 விழுக்காடு என்றால் 19 மடங்கு. முழு நூற்றையும் நிரப்பிவிட்டாலோ வரிசை முடிவின்றி நீண்டுகொண்டே போகும். தெருவில் வண்டிகளை இடைவெளியின்றி அடைத்துவிட்டால் தெரு முழுமையாகப் பயன்படுகிறது என்று எவரும் மகிழ்வதில்லை. அலுவலகத்தில் மட்டும் அதனையே திறமை என்று எண்ணுகின்றனர்.

ஆட்களைப் பெருக்கினால் என்ன என்னும் கேள்விக்கும் விடை பழையதே. ஐபிஎம் நிறுவனத்தின் 360 வரிசைக் கணிப்பொறிகளுக்கு இயக்க மென்பொருள் உருவாக்கும் பணியைத் தலைமை தாங்கி நடத்தியவர் பிரெடரிக் புரூக்ஸ். அப்பணி மிகவும் பிந்திற்று. அதிலே கற்றவற்றை அவர் 1975ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். பிந்திவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் கண்டது. புதியவர்க்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகிறது. ஒருவரோடொருவர் கலந்து பேசவேண்டிய இணைப்புகளும் பெருகுகின்றன. ஐவர் இருந்தால் 10 இணைகள்; பத்துப்பேர் ஆனால் 45; இருபதின்மர் ஆனால் 190. ஆள் இருமடங்கானால் பேச்சு நான்கு மடங்குக்கு மேலாகிறது. பிள்ளைப்பேற்றை அவர் எடுத்துக்காட்டினார்: எத்தனை பெண்களை அமர்த்தினாலும் ஒரு குழந்தை பிறக்க ஒன்பது மாதம் ஆகும் என்றார். நம் வழக்கில் அது பத்துத் திங்கள். கணக்கு எப்படியாயினும் கருத்து ஒன்றே.

இனி, குழுவைப் பிரிப்பது எப்படி என்பதற்கு வருவோம். மெல்வின் கான்வே என்னும் அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் 1968ஆம் ஆண்டு ஏப்ரலில் 'டேட்டாமேஷன்' என்னும் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் அதனை 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ' இதழ் ஏற்க மறுத்திருந்தது. ஓர் அமைப்பு உருவாக்கும் பொருள், அந்த அமைப்பில் யார் யாரோடு பேசுகின்றனரோ அந்த வடிவத்தையே பெறும் என்பது அக்கட்டுரையின் சாரம். அதில் அவர் தரும் எடுத்துக்காட்டு நகைப்புக்கு இடமானது. ஓரிடத்தில் எட்டுப் பேரிடம் இரண்டு மொழிமாற்றி நிரல்களை உருவாக்கும் வேலை கொடுக்கப்பட்டது. ஐவர் ஒன்றுக்கும் மூவர் மற்றொன்றுக்கும் பிரிந்தனர். வேலை முடிந்தபோது முதல் நிரல் ஐந்து கட்டங்களாகவும் இரண்டாவது மூன்று கட்டங்களாகவும் அமைந்திருந்தன! பொருளின் இயல்பு ஐந்து கட்டங்களைக் கேட்கவில்லை. ஆட்கள் ஐவர், அவ்வளவே. பின்னர் புரூக்ஸ் தம் நூலில் இதனைக் கான்வேயின் விதி என்று குறிப்பிட, அப்பெயரே நிலைத்தது.

இவ்விதி வீட்டுக்கு வந்து தொடும் இடம் யாது? வங்கி ஒன்றின் கைப்பேசிச் செயலியில் வாடிக்கையாளர் தம் முகவரியைத் தாமே மாற்றிக்கொள்ள வழி செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பல நிறுவனங்களில் குழுக்கள் தொழில்வாரியாகப் பிரிந்திருக்கும். திரையை வடிவமைப்போர் ஒரு குழு; உள்நிரல் எழுதுவோர் ஒரு குழு; தரவுக் களஞ்சியத்தைக் காப்போர் ஒரு குழு; பாதுகாப்பை ஆராய்வோர் ஒன்று; டெஸ்டிங் ஒன்று; முடிந்ததை வெளியிடுவோர் ஒன்று. ஆக ஆறு குழுக்கள், ஆறு வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் வேலையும் எட்டு நாள் காத்திருப்பும் என்று கொண்டால், 6 நாள் உழைப்புக்கு 48 நாள் காத்திருப்பு ஆகிறது. நடுவில் ஒரு பிழை கண்டு திருப்பி அனுப்பினால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். இவ்வாறு குழுவுக்குள் ஒவ்வொருவரும் நாள் முழுவதும் முனைந்து உழைத்தும் வாடிக்கையாளர் கையில் ஒன்றும் வந்து சேர்வதில்லை. யாரைக் கேட்டாலும் தம் பங்கு முடிந்தது என்பர். அது உண்மையும் ஆகும்.

இதற்கு மாற்றாக, வாடிக்கையாளருக்குப் போய்ச்சேரும் ஒரு பயனைத் தொடக்கமுதல் கடைசிவரை ஒரே குழுவிடம் விடுவது ஒரு முறை. வாடிக்கையாளர் விவரங்களுக்கு ஒரு குழு, பணம் அனுப்புவதற்கு ஒரு குழு, கடனுக்கு ஒரு குழு என்றவாறு. ஒவ்வொன்றிலும் திரை வல்லாரும் தரவு வல்லாரும் சோதிப்போரும் சேர்ந்து ஏழெட்டுப் பேர் இருப்பர். முகவரி மாற்றம் அவர்கள் அறையைவிட்டு வெளியே போகவேண்டியதில்லை. ஐயம் எழுந்தால் பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொள்ளலாம். கான்வே கூறியதைக் குறையாக எண்ணாமல் கருவியாகக் கொள்ளும் முறை இது. பொருள் எவ்வடிவில் அமையவேண்டுமோ அவ்வடிவில் முதலில் குழுக்களை அமைத்துவிட்டால், பொருள் அதனைப் பின்பற்றி வரும்.

அங்ஙனமாயின், ஏழெட்டுப் பேர் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள இயலுமா? இயலாது. இங்கேதான் இத்துறையில் பலர் சறுக்குகின்றனர். மாத்யூ ஸ்கெல்டன், மானுவல் பைஸ் ஆகிய இருவர் 2019ஆம் ஆண்டில் 'டீம் டோப்பாலஜீஸ்' என்னும் நூலில் இதற்கு ஒரு வழி கூறினர். ஒரு குழுவின் மனம் தாங்கக்கூடிய சுமை எவ்வளவோ அவ்வளவு பொறுப்பையே அதனிடம் விடவேண்டும் என்பது அவர்தம் அடிப்படை. பயனை நேரே கொண்டுசேர்க்கும் குழுக்களே மிகுதியாக இருக்கவேண்டும். அவற்றின் சுமையைக் குறைக்க மூவகைத் துணைக்குழுக்கள் வேண்டும். எல்லோருக்கும் பொதுவான அடித்தளத்தை ஆக்கித் தருவது ஒன்று. புதிய நுட்பத்தைச் சிலகாலம் உடனிருந்து கற்பித்துவிட்டு விலகிக்கொள்வது மற்றொன்று. தனிக் கல்வி பெற்றோரே தொடக்கூடிய கடினமான பகுதியைத் தாங்குவது மூன்றாவது.

இவற்றுள் அடித்தளக் குழுவைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதற்காக நாள்தோறும் நகராட்சிப் பொறியாளரோடு கூட்டம் போடுவதில்லை. குழாயின் அளவும் திறக்கும் முறையும் முன்னரே முடிவாகிவிட்டன. அவரவர் சமையல் அவரவர் விருப்பம். நல்ல அடித்தளம் என்பது அத்தகையது. இதற்கு நாம் எல்லோரும் அறிந்த பெரிய சான்று, காய்கறிக் கடையில் கைப்பேசியால் பணம் செலுத்தும் யுபிஐ முறை. தேசியப் பணம்செலுத்துக் கழகம் அமைத்த இம்முறையை, 2016 ஏப்ரல் 11ஆம் நாள் மும்பையில் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கிவைத்தார். முதலில் 21 வங்கிகள் சேர்ந்தன. ஒவ்வொரு வங்கியும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே பேசி ஒப்புக்கொள்ளவேண்டுமாயின் 210 உடன்பாடுகள் தேவைப்பட்டிருக்கும். பொதுவான ஒரே வாயிலை அமைத்ததால் ஒவ்வொரு வங்கியும் ஒரே ஒரு முறை ஒப்புக்கொண்டால் போதுமாயிற்று. இருபத்திரண்டாவது வங்கி சேர்ந்தபோது முன்னைய இருபத்தொன்றும் தம் நிரலைத் திருத்தவேண்டிய தேவை எழவில்லை. தெருமுனைக் கீரைக்காரரிடம் நாம் பத்து ரூபாய் அனுப்பும்போது, அவர் வங்கியும் நம் வங்கியும் கூடிப் பேசுவதில்லை. பேசவேண்டிய தேவையை நீக்கியதே அந்த அமைப்பின் சிறப்பு.

மென்பொருள் குழுக்களிடையே நடக்கும் கூட்டங்களைப் பற்றி நம் எண்ணமும் இதுவே. கூட்டங்களை நன்றாக நடத்துவது எப்படி என்று பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. நன்று. ஆனால் ஒரே இரண்டு குழுக்கள் வாரந்தோறும் கூடிப் பேசாமல் ஒரு வேலையும் நகராது என்றால், அவற்றுக்கிடையே எல்லைக்கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்றே கொள்ளவேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அடுப்பு வேறு, உப்புப் பானை பொது என்று வைத்த வீட்டில் நாளுக்கு எத்தனை முறை வாசற்படி தாண்டவேண்டியிருக்கும் என்பதை நம் மூத்த பெண்மணிகள் அறிவர்.

இதனைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் நறுக்கிப் பிரித்துவிடலாம் என்று எவரும் புறப்படவேண்டா. பிரிப்பதற்கும் விலை உண்டு. துண்டுகள் ஒன்றோடொன்று பேசுவதற்கே கணிப்பொறிச் செலவு ஆகும். பிழை எந்தத் துண்டில் என்று தேடுவதும் கடினம். அமேசான் நிறுவனத்தின் பிரைம் வீடியோப் பிரிவினர், ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் தம் கருவி ஒன்றைப் பல சிறு பகுதிகளாக அமைத்திருந்தனர். பின்னர் அவற்றை ஒன்றாக இணைத்ததால் அதன் நடப்புச் செலவு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்று 2023ஆம் ஆண்டில் அவர்களே எழுதினர். பத்துப் பேர் உள்ள ஒரு சிறு நிறுவனம் நாற்பது துண்டுகளை வைத்துக்கொண்டு திண்டாடுவது பேதைமையே. மேலும், தொழில்வாரிக் குழுக்களுக்கு ஒரு நன்மை உண்டு: இளையவர் மூத்தவரிடம் தொழிலைக் கற்பர். பயன்வாரிக் குழுவில் சோதிப்போர் ஒருவரே இருந்தால் அவர் யாரிடம் கற்பார்? இதற்கென ஒரே தொழிலினர் வாரம் ஒரு முறை கூடிக் கற்கும் வழக்கத்தைச் சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. வைக்காத இடங்களில் அக்குறை இருக்கவே செய்யும்.

நம் நாட்டு நிலைமைக்கே உரிய இரண்டு இடர்களைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. முதலாவது, காலம். அமெரிக்க மேற்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணியும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணியும் இடைவெளி. முடிவு செய்யும் அதிகாரம் அங்கும் செய்யும் கை இங்கும் இருந்தால், ஒரு சிறு ஐயத்துக்கு விடை வர ஒரு நாள் ஆகும். நான்கு ஐயங்களுக்கு ஒரு வாரம் போய்விடும். அந்த ஒரு வாரத்தை மிச்சப்படுத்தவே நம் பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்குப் பேசிக்கொண்டிருக்கின்றனர். உடன்பாடான நேரம் இது என்று நிறுவனங்கள் கூறும். நமக்கோ, தவறான இடத்தில் போட்ட எல்லைக்கோட்டின் விலையை ஒரு குடும்பம் தன் இரவு உணவு வேளையிலிருந்து செலுத்துவதாகவே தோன்றுகிறது. ஒரு பயனைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தோடு முழுக் குழுவையும் இந்தியாவிலேயே அமைக்கும்போது, இவ்விரவுப் பேச்சுகளில் பெரும்பகுதிக்குத் தேவையே இராது.

இரண்டாவது, ஒப்பந்த முறை. தலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் ஒப்பந்தங்களில், எல்லோரும் எப்போதும் நிரம்பியிருப்பதே ஆதாயம். வேலை விரைவில் முடிவது யாருக்கும் ஆதாயம் அன்று. முன்னே கூறிய வரிசைக் கணிதம் அங்கே விற்பனைச் சரக்காவதில்லை. ஓய்வாகச் சிறிது நேரம் இருந்து, நாளைய இடரைச் சிந்திக்கும் இளைஞனை அந்தக் கணக்கேடு வீண்செலவு என்று எழுதும். இதனை ஊழியர் தனியே மாற்ற இயலாது. ஒப்பந்தம் எழுதுவோர் மாற்றவேண்டும். சங்கத்தில் அத்தகைய பொறுப்புகளில் இருக்கும் அன்பர்கள் பலர் உளர். அவர்களுக்கே இவ்வரிகள்.

வேலை தேடும் இளைஞர்கள் நேர்முகத்தேர்வில் சம்பளத்தையும் ஊரையும் கேட்பதோடு இன்னும் மூன்று செய்திகளைக் கேட்டறிவது நன்று. ஒரு சிறு மாற்றம் கேட்டவர் கைக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆகிறது? அதற்குள் அது எத்தனை குழுக்களின் கைமாறுகிறது? இந்தக் குழு, வேறு எவரிடமும் அனுமதி கேளாமல் தானே வெளியிடக்கூடியது என்ன? 'நாள் கணக்கு; ஒரே குழு; எங்கள் பகுதி முழுவதும்' என்று விடை வருமாயின் அங்கே சேரலாம். விடை சொல்லவேண்டியவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தால், மாலை வேளைகளை யாருக்கு ஈடு வைக்கிறோம் என்று சற்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடலாம்.

பெற்றோருக்கும் ஒன்று. 'ஏனம்மா இன்னும் முடிக்கவில்லை' என்று கேட்பதற்கு மாறாக, 'இப்போது அது யாரிடம் காத்திருக்கிறது' என்று கேட்டுப் பாருங்கள். விடை நீளமாக வரும். காப்பியை முன்கூட்டியே கலந்து வைத்துக்கொள்வது நல்லது.